பத்து இலக்க எண்ணோடு உட்காரும் பையன்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தேன். பிளஸ் ஒன் படிக்கிற மகன் நோட்டின் பின்பக்கங்களில் பெரிய பெரிய எண்களை எழுதி, இது பகா எண் (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது), இது பகு எண் என்று ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் முதலில் ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிடுவோம்.

அவன் நோட்டிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பிய 214,74,83,647 லேசுப்பட்ட எண் இல்லை. 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது. இந்த வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இது பகா எண்தான் என்று 1772-ல் கணித மேதை ஆய்லர் நிறுவினார், கணினி இல்லாத காலத்தில். இதை 30 இரண்டுகளின் பெருக்கலோடு பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும். அதாவது 6, 28 மாதிரி, தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண். பழைய கணினி நிரல்கள் சில 2038 ஜனவரியில் நேரக் கணக்கில் தடுமாறப்போவதும் இந்த எண்ணால்தான். அவை நேரத்தை வைக்கிற 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், அதற்கு மேல் நொடிகளை எண்ண இடமில்லை.

சரி, சோதனைக்கு வருகிறேன். 32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் 429,49,67,297. இதைப் பகா எண் என்றே ஃபெர்மா என்ற கணித அறிஞர் நம்பினார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-ல் ஆய்லர் காட்டிவிட்டார். "ஏன் 641?" என்று பையனிடம் கேளுங்கள். கால்குலேட்டரில் வகுத்துக் காட்டிவிட்டு எழுந்து போனால், அது நல்ல பொழுதுபோக்கு. இன்ஜினியரிங்கில் சேருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. 641 என்பது 640+1, அதுவே 625+16 என்பதைப் பிடித்துக்கொண்டு, வகுக்காமலேயே காட்ட முயன்றால், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, அவனுக்குக் கணிதப் படிப்புதான். வேகமாகக் கணக்குப் போடும் பிள்ளையைவிட இந்தப் பிள்ளையைத்தான் நான் தைரியமாக அனுப்புவேன்.

எங்கே படிக்கலாம்? சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. உண்டு. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். என்கிற கணிதப் பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு, ஜே.இ.இ. பயிற்சி மட்டும் போதாது, நிரூபணம் எழுதிப் பழக வேண்டும். வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் போனில் பணம் அனுப்பும்போது காவலாக நிற்கிற குறியாக்கம், முழு எண்களின் குணங்களை ஆராய்கிற எண் கோட்பாட்டில் பிறந்தது. ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் சந்தேகமின்றியும் சொல்லும் வழியை 2002-ல் கண்டுபிடித்தது கான்பூர் ஐ.ஐ.டி.யில் மூன்று பேர். பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் இருந்த நீரஜ் கயலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள்.

சென்னை நிறுவனத்தின் பழைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அச்செடுத்துக் கொடுங்கள். மூன்று மணி நேரம், போன் கிடையாது. எத்தனை கணக்கு வந்தது என்று கேட்காதீர்கள். மறுநாளும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தானா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.