ஜாக் சார்ல்டன் என்ற ஸ்டாப்பர் பேக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1966 கால்பந்து உலகக் கோப்பை பற்றிய உங்கள் குறிப்பில் பாபி சார்ல்டனின் அண்ணன் ஜாக்கைப் பற்றி இரண்டு வரி வருகிறது. அவரைப் போல நானும் கல்லூரியில் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற டிஃபெண்டராக, ஆடியவன். அந்த ஆர்வத்தில், அவர் கோச்சாக இருந்த அயர்லாந்து அணியின் 1990 உலகக் கோப்பை ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். தூக்கி அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள், மறுபடி தூக்கி அடிக்கிறார்கள். டிஃபெண்டர்கள் கோச் ஆனால் ஆட்டத்தின் அழகே போய்விடும் என்கிறான் என் நண்பன். லியாம் பிரேடி மாதிரி ஒரு நுணுக்கமான நடுக்கள ஆட்டக்காரர் இருந்தும் இப்படி ஆட வைத்தது அநியாயம் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

எகிப்துக்கு எதிரான பலெர்மோ ஆட்டத்தை முழுசாகப் பார்த்தீர்கள் என்றால் உங்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு. 0-0. பந்தைப் பின்னால் தள்ளுவதும், கோல்கீப்பர் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வதுமாகவே நேரம் போகும். அந்த உலகக் கோப்பை முழுக்கவே இந்தக் கூத்து இருந்தது. 1992இல் பேக் பாஸ் விதி மாறி, சொந்த அணிக்காரர் காலால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்று ஆனது அதனால்தான்.

ஆனால் நீங்களே ஸ்டாப்பர் பேக்காக ஆடியவர், சொல்லுங்கள். உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத பந்து எது? நேராக வரும் பந்தா? அதைத் தலையால் முட்டி அனுப்பிவிடலாம். தோளுக்கு மேலே போய் கார்னர் கொடிப் பக்கம் விழுகிற பந்துதான் வயிற்றைக் கலக்கும். திரும்பி, நம் கோலைப் பார்த்து ஓட வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எந்தக் காலால் அடித்தாலும் த்ரோ-இன்னோ கார்னரோ கொடுத்துத்தான் தப்பிக்க முடியும்.

ஜாக் 20 வருடம் லீட்ஸ் யுனைடெட் என்ற ஒரே கிளப்புக்கு, 750 ஆட்டங்களுக்கு மேல் இந்தப் பயத்தோடு ஆடியவர். அயர்லாந்தில் அவர் செய்தது அந்தப் பயத்தை எடுத்து எதிரணி டிஃபெண்டர்களுக்குக் கொடுத்ததுதான். பந்தை அவர்களுடைய ஃபுல்பேக்குக்கு (ஓரத்து டிஃபெண்டருக்கு) பின்னால் போடு, அவன் திரும்பட்டும், நாம் எல்லோரும் மேலே ஏறி நெருக்குவோம். நீங்கள் 'தூக்கி அடிக்கிறார்கள்' என்கிறீர்களே, அது பாதி ஆட்டம்தான். மீதிப் பாதி, பந்து விழுந்த இடத்தில் நாலு பேர் போய் மொய்ப்பது. இன்றைக்கு அதை ஹை பிரஸ் என்று சொல்லிக் கொண்டாடுகிறோம்.

லீட்ஸில் ஆடும்போதே அவருக்கு இந்தப் புத்தி உண்டு. கார்னர் அடிக்கும்போது எதிரணி கோல்கீப்பருக்கு முன்னால் போய் நெட்டையாக நின்றுகொள்வார். அந்தக் கோல்கீப்பரால் வெளியே வர முடியாது, பந்தும் தெரியாது. தடுக்கிறவனுக்கு எது தொல்லை என்று தடுக்கிறவனுக்குத்தானே தெரியும்!

ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊர்க்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. இவரும் கொஞ்ச நாள் சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்தவர். இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது 1965இல், 30 வயதை நெருங்கும்போது. ஏன் என்னை எடுத்தீர்கள் என்று இங்கிலாந்து மேனேஜர் ஆல்ஃப் ராம்சேயிடம் கேட்டாராம். நான் எப்போதும் சிறந்த ஆட்டக்காரர்களை எடுப்பதில்லை, என் திட்டத்துக்குப் பொருந்துகிறவர்களை எடுக்கிறேன் என்று பதில் வந்ததாம். ஜாக்கே பல இடங்களில் சொல்லிச் சிரித்த கதை.

அதே அளவுகோலைத்தான் பின்னாளில் பிரேடிமேல் வைத்தார். 1989இல் டப்ளினில் மேற்கு ஜெர்மனியோடு நட்பு ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் பிரேடியை வெளியே கூப்பிட்டுவிட்டார். உள்ளூர் ரசிகர்கள் முன்னால் அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. இதில் நான் உங்கள் கட்சி. ஆனால் கணக்கு தெளிவானது: நடுக்களத்தில் பந்தை நிறுத்தி யோசிக்கிறவருக்கு அந்தத் திட்டத்தில் வேலை இல்லை. கிளப்பில் சென்டர் பேக்காக (ஸ்டாப்பர் பேக் இடம்தான்) ஆடிய பால் மெக்ராத்தையே பல ஆட்டங்களில் நடுக்களத்துக்கு ஏற்றினார். அந்த மெக்ராத் முட்டி அறுவைச் சிகிச்சைகளோடும் குடியோடும் போராடிக்கொண்டிருந்தவர். பயிற்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டத்தன்று நின்றால் போதும் என்று விட்டுவிடுவார் ஜாக். கறாரான ஆள் என்று பெயர் எடுத்தவரிடம் இந்தப் பொறுமையும் இருந்தது.

இன்னொன்று, அயர்லாந்து அப்போது 35 லட்சம் பேர் உள்ள நாடு. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தின் வெவ்வேறு கிளப்புகளில் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் கையில் கிடைப்பது சில நாட்கள். அதற்குள் நுணுக்கமான பாஸிங் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? 1986இல் அவர் வரும் வரை அந்த நாடு யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பைக்கோ உலகக் கோப்பைக்கோ தகுதி பெற்றதே இல்லை. 1988 யூரோவில் ஸ்டுட்கார்ட்டில் ரே ஹௌட்டன் தலையால் முட்டிய ஒரே கோலில் இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். 1977இல் இதே ஜாக், இங்கிலாந்து மேனேஜர் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, பதில்கூட வராமல் போனவர்!

நீங்கள் பார்த்த 1990 அணி ஐந்து ஆட்டத்தில் போட்டது இரண்டே கோல். பெனால்டி ஷூட் அவுட்டைத் தவிர ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்காமல் காலிறுதி வரை போனது. அசிங்கம் என்றால் அசிங்கம்தான், மறுக்கவில்லை.

ஜெனோவாவில் ருமேனியாவுக்கு எதிரான அந்த ஷூட் அவுட்டை மட்டும் மறுபடி பாருங்கள். அயர்லாந்து கோல்கீப்பர் பானர் தடுத்த பிறகு கடைசி பெனால்டியை அடிக்க வருகிறவர் டேவிட் ஓ'லியரி. அர்செனலின் சென்டர் பேக். பின்னால் நின்று ஆட்டத்தைப் படித்து, பந்தைப் பாஸ் செய்து வெளியே கொண்டுவருகிற வகை; ஜாக்குக்கு ஆகாத வகை. 1986இல் முதலில் அணியில் சேர்க்காமல், பிறகு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு விடுமுறை போகிறேன் என்று ஓ'லியரி மறுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவரை ஜாக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்தான் வந்து கோலின் மேல்பகுதியில் அடித்து அயர்லாந்தைக் காலிறுதிக்கு அனுப்புகிறார்.

அப்புறம், உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். ஓ'லியரியும் கோச் ஆனார், அதுவும் ஜாக்கின் லீட்ஸிலேயே. 2001இல் இளைஞர்களை வைத்து வேகமும் துணிச்சலுமாக ஆடி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி அவருடையது.