காணொளிவழிக் கணிதம்: படிவம் ஒன்று முதல் மூன்று வரை – கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு இடைநிலைப்பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது பாடக் காணொளி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டிவரும் நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

பட்டர்வொர்த், ஒரு தாயார்: ஐயா, இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் படிக்கும் என் மகள் தினமும் ஒரு மணி நேரம் கணிதக் காணொளி பார்க்கிறாள். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது என்கிறாள். சோதனைத் தாளில் எழுத வருவதில்லை. ஏன்?

அம்மா, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. பிறர் போடும் கணக்கை வரிவரியாகப் பின்தொடர்வதும், அடுத்த வரி என்னவென்று தானே முடிவெடுப்பதும் வெவ்வேறு திறன்கள். காணொளி முதலாவதை மட்டுமே கேட்கிறது. சோதனைத் தாளோ இரண்டாவதைக் கேட்கிறது. கல்வி ஆய்வாளர்கள் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வில், தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கைப் படித்த கையோடு அதே வகையில் இன்னொன்றைத் தாமே போட்டவர்கள், வெறுமனே கணக்குகளைப் போட்டுத் தள்ளியவர்களைவிட விரைவாகத் தேர்ந்தார்கள். ஆகவே ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறையுங்கள். விடை திரையில் தோன்றும் முன் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியை அவள் கையால் எழுதிய பிறகே மீண்டும் ஓடவிட வேண்டும்.

ஜெலுத்தோங், படிவம் மூன்று மாணவன்: இரட்டிப்பு வேகத்தில் பார்க்கலாமா, சார்?

மீள்பார்வைக்குப் பார்க்கலாம், தம்பி. முதல் முறை வேண்டாம். நிறுத்தி எழுதினால் வேகம் தானாகவே குறையும்.

புக்கிட் மெர்தாஜாம், ஆசிரியை: படிவம் இரண்டு வகுப்பில் காணொளியை எந்த இடத்தில் வைப்பது? நீளம் எவ்வளவு இருக்கலாம்?

2014இல் குவோவும் உடன் ஆய்வாளர்களும் இணையப் படிப்புகளின் 69 இலட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, காணொளி எவ்வளவு நீளமானாலும் பார்ப்போரின் ஈடுபாடு ஆறு நிமிடங்களுக்கு மேல் பெரும்பாலும் நீடிக்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பார்வையாளர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அல்லர் என்பதால், உங்கள் வகுப்புக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் தொடக்கத்தில் விளக்கக் காணொளி போடுவது என் பார்வையில் வீண். முதலில் மாணவர்கள் ஒரு கணிப்பை எழுதட்டும். (a+b)² என்பதை விரிக்கச் சொன்னால் பலர் a²+b² என்று எழுதுவார்கள். அதற்குப் பிறகே காணொளி தொடங்க வேண்டும்: திரையில் ஒரு கை அதே தவறான விடையை எழுதுகிறது, a-க்கு 3, b-க்கு 4 என்று பிரதியிடுகிறது, ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. இங்கே நிறுத்துங்கள். விடுபட்ட 24 எங்கே போனது என்று இருவர் இருவராகப் பேசட்டும். பிறகு, 7 அலகுப் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டுங்கள்: அதில் 9, 16 பரப்புள்ள இரு சதுரங்களோடு, தலா 12 பரப்புள்ள இரு செவ்வகங்களும் இருக்கின்றன. 2ab என்னும் உறுப்பு மாணவனின் கண்முன் இடம்பிடித்துக்கொள்கிறது. நான்கு நிமிடத்திற்கு இவ்வளவு போதும். மீதி நேரம் புத்தகத்துக்கும் பேனாவுக்கும்.

நிபோங் திபால், ஆசிரியர்: மன்னிக்கவும், இது ஆபத்தான யோசனை. பலவீனமான மாணவனுக்குத் தவறைக் காட்டினால் அதையே பிடித்துக்கொள்வான்.

அந்தத் தவறு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. நாம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. டெரெக் முல்லர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த இயற்பியல் கல்வி முனைவர் ஆய்வில், தவறான எண்ணத்தை எடுத்துக்காட்டி அதை மறுத்த காணொளிகள், தெளிவான நேர்விளக்கக் காணொளிகளைவிட மாணவர்களுக்கு அதிகம் கற்றுத்தந்தன. மாணவர்களுக்கோ நேர்விளக்கமே தெளிவாகத் தோன்றியது.

மீண்டும் நிபோங் திபால்: அது இயற்பியல். கணிதத்தில் பழக்கமே முக்கியம். கண்ணில் பட்டது கையில் வரும்.

இயற்பியல்தான், மறுக்கவில்லை. ஆனால் ½ + ⅓ = ⅖ என்று எழுதும் மாணவனுக்குச் சரியான முறையைப் பலமுறை காட்டியும் அடுத்த மாதம் அவன் ⅖ என்றே எழுதுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த விடை ½-ஐவிடச் சிறியது என்று அவனே கண்டுகொள்ளாதவரை, புதிய முறை பழையதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உங்கள் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு: தவறைக் காட்டிவிட்டு மணி அடித்ததும் வகுப்பை முடித்தால் நீங்கள் சொல்வதே நடக்கும். தவறும் அதன் மறுப்பும் ஒரே காணொளியில், ஒரே அமர்வில் இருக்க வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம், ஆசிரியை: நான் உங்கள் பக்கம், ஐயா. ஆனால் தவறான வரியைக் கடைசிவரை திரையில் விட்டுவைக்க வேண்டாமே?

சரி. மறுத்ததும் அதன்மேல் கோடு போட்டு நீக்கிவிடுங்கள்.

பிறை, ஒரு தந்தை: எந்த யூடியூப் அலைவரிசை சிறந்தது?

இக்கேள்வி இன்று மூன்றாம் முறையாக வருகிறது. எதுவாக இருந்தாலும் நிறுத்தி எழுத வையுங்கள்.

பாயான் லெப்பாஸ், ஒரு வாசகர்: பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில் (PISA) மலேசியாவின் கணித மதிப்பெண் 2018இல் 440ஆக இருந்தது, 2022இல் 409ஆக இறங்கிவிட்டது. காணொளி அதை உயர்த்துமா?

அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தன. அப்போது பாடங்கள் பெரும்பாலும் திரைவழியாக நடந்தன. திரை மட்டும் போதுமென்றால் எண் இறங்கியிருக்காது. இதற்குமேல் ஒரு நாட்டின் சராசரியை வைத்து ஒரு கருவியை எடைபோட நான் தயாரில்லை.

ஆயர் ஈத்தாம், ஆசிரியர்: வீட்டில் காணொளி, வகுப்பில் பயிற்சி என்னும் தலைகீழ் வகுப்பறை நம் பள்ளிகளுக்குப் பொருந்துமா?

வேதியியல் ஆசிரியர்கள் பெர்க்மனும் சாம்ஸும் 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில், வகுப்புக்கு வர இயலாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த முறை அது. அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு திறன்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் என்றால், பார்க்காமல் வருபவனே மறுநாள் வகுப்பில் பின்தங்குவான். காணொளியை வகுப்பிலேயே காட்டுங்கள். விடுபட்டவர்களுக்கு மட்டும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள்.

சுங்கை டுவா, ஒரு தாயார்: மகனைப் படிவம் ஒன்றுக்கு முந்தைய புகுமுக வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

அது என் துறை அன்று, அம்மா. பள்ளியின் ஆலோசக ஆசிரியரைக் கேளுங்கள்.

ஜெலுத்தோங், ஓர் ஆசிரியை: நல்ல அலைவரிசை ஏதேனும்…

மேலே பார்க்கவும்.

பாலிக் புலாவ், பயிற்சி ஆசிரியர்: சொந்தமாகக் காணொளி எடுக்க என்ன கருவி வேண்டும்?

திறன்பேசியை மேசைக்கு மேல் நேர்கீழாகப் பிடிக்கும் ஒரு தாங்கியும், கோடில்லாத தாளும், தடித்த பேனாவும் போதும். முகம் தெரிய வேண்டியதில்லை. கையும் குரலும் தெரிந்தால் சரி. பேசுவதையே எழுத்தாகவும் திரையில் ஓடவிடாதீர்கள். பிள்ளைகள் வாசிக்கப் போய்க் கணக்கைத் தவறவிடுவார்கள். கேள்வி கேட்டதும் "இப்போது நிறுத்துங்கள்" என்று நீங்களே சொல்லி, ஐந்து விநாடி அமைதி விட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் காணொளிக்கு எதிர்ம எண்களின் கழித்தலை எடுத்துக்கொள்ளலாம்; படிவம் ஒன்றில் அது ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.