அப்பாவின் ஜனதாவுக்குப் புது டயல் வேண்டாம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1978-இல் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது தாத்தா வாங்கிக் கொடுத்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச் பீரோவில் கிடைத்தது. கீ கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் நாளுக்கு ஏழெட்டு நிமிடம் பின்தங்குகிறது. டயல் மஞ்சள் பூத்து, ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். பின்மூடியில் அப்பாவின் பெயரும் தேதியும் பொறித்திருக்கின்றன. கடைக்காரர் டயலைப் புதுசாக்கி, கேஸைப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? இந்த ஆர்வத்தில் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு நீல டயல் ஃபேவர்-லூபா 'சீ சீஃப்' ஒன்றும் வாங்கிவிட்டேன். அது அசல்தானா? நண்பர் ஒருவர் ரோலக்ஸ் சப்மரைனர் ஃபர்ஸ்ட் காப்பியை 9,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். தங்கை கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொள்ளலாமா, இல்லை பணம் சேர்த்து அசலையே வாங்கலாமா?"

ஜனதாவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு போன் போட்டு, டயலில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

டயலைப் புதுசாக்குவது என்றால் பலரும் பழையதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று மாட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. அதே பித்தளைத் தகட்டிலிருந்து பழைய பூச்சையும் எழுத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்து, பெயரையும் கோடுகளையும் மறுபடி அச்சடிப்பார்கள். பிறகு மனசு மாறினாலும் பழைய டயல் திரும்பி வராது. என் மாமாவின் எச்.எம்.டி. காஞ்சன் வாட்ச்சை நானே ஒரு கடையில் கொடுத்து இப்படிக் கெடுத்திருக்கிறேன். தகதகவென்று வந்தது. அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுப்பா?" என்று கேட்டார்.

உங்கள் வாட்ச்சின் வியாதி டயலில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஜனதாவின் மிஷின் 0231 என்ற எண் கொண்டது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைக்கு அந்தக் கூட்டில் வந்த வடிவமைப்பு அது. உராய்வைக் குறைக்க உள்ளே 17 கல். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து முறை. காதில் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். நாளுக்கு ஏழெட்டு நிமிடம் என்பது ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு பிசகு. பல வருடம் பீரோவில் கிடந்த வாட்ச்சுக்கு இது ஆச்சரியமில்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். மிஷினை முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் இட்டுப் பூட்ட வேண்டும். கடைகளில் இதை 'ஓவராயிலிங்' என்பார்கள். ஓவர்ஹாலிங் என்ற சொல்லுக்குள் எண்ணெய் புகுந்து அப்படி ஆகிவிட்டது என்பது என் ஊகம். பிரிக்காமல் மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். சர்வீஸ் ஆன பிறகு நாளுக்கு 20, 30 நொடி முன்னே பின்னே போனால் சந்தோஷப்படுங்கள். துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்ற, குரோனோமீட்டர் எனப்படும் சுவிஸ் வாட்ச்சுக்கே நாளுக்கு 4 நொடி பின்தங்கல் முதல் 6 நொடி முந்தல் வரை அனுமதி உண்டு.

கடையில் மூன்று விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டயலைத் தொடக் கூடாது, கேஸைப் பாலிஷ் போடக் கூடாது, மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும் ஒரு சின்னக் கவரில் உங்களிடம் திரும்பி வர வேண்டும். எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்று கிடைக்கும் உதிரிகள் பழைய இருப்பிலிருந்தோ, இன்னொரு வாட்ச்சைப் பிரித்தோ வருபவை. ஆகவே தேய்ந்த கீ கூட உங்கள் கையில் இருப்பது நல்லது. கண்ணாடியை மட்டும் தாராளமாகப் பாலிஷ் செய்யலாம். அது அக்ரிலிக், கீறல் எளிதாகப் போய்விடும்.

பின்மூடியில் பெயர் பொறித்திருப்பதால் மதிப்புக் குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு கதை. 2017-இல் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா ஏலத்துக்கு வந்தது. அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. பின்மூடியில், பார்த்து வண்டி ஓட்டச் சொல்லி அவர் பொறித்துத் தந்த ஒரு வரி. போன விலை சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர். அதே காலத்து டேடோனாவில் சாதாரண டயல் இருந்தால் ஒரு விலை, நியூமன் கட்டியிருந்த வகை டயல் இருந்தால் அதைவிடப் பல மடங்கு. சேகரிப்பவர்கள் டயலுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள், பொறித்த எழுத்தை அழிக்காமல் வைத்திருந்ததற்கும் கொடுக்கிறார்கள். உங்கள் ஜனதா கோடிக்குப் போகாது. ஆனால் கணக்கு அதேதான்.

சரி, சீ சீஃப்.

ஃபேவர்-லூபா சுவிட்சர்லாந்தின் லு லோக்ல் ஊரில் 1737-இல் வேர்விட்ட பெயர். 1865 முதலே இந்தியாவில் வியாபாரம் செய்தவர்கள். அதனால்தான் நம் தாத்தாக்கள் பலருடைய கையிலும் அது இருந்தது. அப்படி வந்து குவிந்த பழைய வாட்ச்சுகள்தான் இன்றைய 'மும்பை ஸ்பெஷல்' தொழிலுக்கு மூலப்பொருள். தேய்ந்த மிஷின் ஒன்று, வேறொரு வாட்ச்சின் கேஸ், அதற்கு மறு முலாம், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு டயல், புது முள், புது ஸ்ட்ராப். 2,800 ரூபாய்க்கு பளிச்சென்ற நீல டயல் என்றதுமே என் பந்தயம் அந்தப் பக்கம்தான். அசல் சீ சீஃப் டயல்களில் பெரும்பாலானவை வெள்ளி, வெள்ளை, கறுப்பு என்று அடக்கமாக இருக்கும்.

பந்தயத்தை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் பெயரைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும், மை லேசாக மேடு தட்டியிருக்கும். மறு அச்சில் ஓரம் கசிந்து, ஈரத் தாளில் பேனா வைத்தது போலத் தெரியும். அடுத்து, டயலைச் சுற்றியுள்ள நிமிடக் கோடுகள். 12-க்கும் 6-க்கும் அருகே அவை மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா, இல்லை அரைக் கோடு தள்ளி நிற்கின்றனவா? ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் தயாரிப்பு என்ற வாசகம் இருக்க வேண்டும். மறு அச்சில் அது கோணலாக இருக்கும், அல்லது கேஸின் விளிம்புக்குள் பாதி ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. முட்களில் துரு, டயல் மட்டும் நேற்றுப் பிறந்ததா? இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஐம்பது வருடம் வாழவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மிஷின் மீது ஃபேவர்-லூபா பெயர் பொறித்திருக்க வேண்டும். வேறு கம்பெனி மிஷின் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பெயர் சரியாக இருந்தும் மிஷின் கேஸுக்குள் ஆடுகிறது, பிளாஸ்டிக் வளையத்தையோ காகிதத் துண்டையோ செருகி நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், கேஸ் வேறு வீட்டுப் பிள்ளை.

இத்தனையும் பொய் என்று தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. மிஷின் உண்மையில் பழைய சுவிஸ் மிஷின்தான் என்றால், 2,800 ரூபாய்க்கு ஓடுகிற ஒரு பொம்மை கிடைத்தது என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள். பிரித்துப் பழகக்கூட ஆகும். ஆனால் இன்னொருவருக்கு அசல் என்று சொல்லி விற்காதீர்கள். அடுத்த முறை, மங்கிய டயலும் கீறிய கேஸுமாக இருப்பதைத் தேடுங்கள். இந்தச் சந்தையில் அழுக்குதான் நல்ல சகுனம்.

ஜப்பானின் பழைய செய்கோ 5 வாட்ச்சுகள் பக்கம் ஆசை திரும்பினால் ஒரு குறுக்கு வழி உண்டு. பின்மூடியில் 7009-க்குப் பின் ஒரு கோடு, அதன்பின் நான்கு இலக்கம் என்பது போல ஓர் எண் இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது மிஷின் எண். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் அதே மிஷின் எண் வர வேண்டும். மும்பை டயலில் இது பெரும்பாலும் பொருந்தாது, அல்லது அந்தப் பொடி எழுத்தே இருக்காது.

இருட்டில் ஒளிரும் டயல்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. 1960-களின் தொடக்கம் வரை பல சுவிஸ் வாட்ச்சுகளில் ரேடியம் பூசினார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். ஒளி செத்துப்போயிருக்கும், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். மூடிய நிலையில் எப்போதாவது கட்டுவது வேறு. வீட்டில் திறந்து முள்ளைச் சுரண்டுவதோ ஊதுவதோ கூடவே கூடாது. பின்னாளில் வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம்தான். ஆகவே 1970-களின் வாட்ச் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், யாரோ சமீபத்தில் பூசியிருக்கிறார்கள்.

ஃபர்ஸ்ட் காப்பிக்கு வருகிறேன். காப்பி என்பதில் முதலென்ன, ஏழாவதென்ன? நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் அசல், துள்ளினால் போலி என்ற பழைய சோதனை இப்போது செல்லாது. அசல் சப்மரைனரின் மிஷின் நொடிக்கு எட்டு அடி வைக்கிறது. தேர்ந்த காப்பியும் அதையே செய்கிறது. கண்ணாடியில் ஆறு மணிக்கு மேல் பொடியாகச் செதுக்கிய கிரீடம், பெட்டி, அட்டை எல்லாவற்றையும் காப்பியடித்துவிட்டார்கள். ஆனால் 9,000 ரூபாய்க்கு அந்தத் தேர்ந்த ரகம்கூட வராது. 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும். கை கழுவும் குழாய்க்குத் தாங்குமா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ரிப்பேர் வந்தால் ரோலக்ஸ் சர்வீஸ் மையம் தொடாது, நல்ல மெக்கானிக்குகளில் பலரும் தொட மாட்டார்கள்.

சட்டம் என்று பார்த்தால், 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் போலிப் பொருளை விற்பவரைப் பிடிக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதாவது உங்கள் நண்பருக்குத்தான் ஆபத்து அதிகம். கட்டிக்கொண்டு வெளிநாடு போனால் உங்களுக்கும் வரலாம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் போலிப் பொருளை வாங்கியவருக்கும் அபராதம் போட முடியும்.

சட்டத்தை விடுங்கள். கல்யாண மண்டபத்தில் சித்தப்பா ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ரோலக்ஸா? எவ்வளவுப்பா?" என்று கேட்பார். என்ன சொல்வீர்கள்? அந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், சப்மரைனர் சாயலில் சொந்தப் பெயர் போட்டு விற்கிற கம்பெனிகள் நிறைய உண்டு. சாயல் வேறு, போலிப் பெயர் வேறு. இல்லையா, 9,000 ரூபாய்க்கு அசல் டைட்டனோ அசல் சிட்டிசனோ பில்லோடு வாங்கலாம். டைட்டன் ஓசூரில் பிறந்தது, தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கியது. சித்தப்பாவிடம் சொல்லப் பேச்சும் கிடைக்கும்.

அசல் ரோலக்ஸை சேர்த்து வைத்தே வாங்குவது தப்பில்லை. ஆனால் முதல் சொகுசு வாட்ச்சை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் புதிதாக வாங்குங்கள், அல்லது பெயர் கெட்டால் நஷ்டப்படக்கூடிய கடையில் பழையதாக வாங்குங்கள். தனி ஆளிடம், ரொக்கமாக, 'அவசரத்துக்கு விற்கிறேன்' என்ற பேச்சோடு வருவதைத் தொடாதீர்கள். பழையதில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளைப் பாருங்கள். பாலிஷ் படாததில் விளிம்பு கூர்மையாக இருக்கும். பலமுறை பாலிஷ் போட்டது சோப்புக் கட்டி போலத் தேய்ந்திருக்கும். விலையோடு சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்கியபின் வெளிநாடு கட்டிக்கொண்டு போகும்போது, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது அங்கே வாங்கியது இல்லை என்று நிரூபிக்க அதுதான் வழி.

கல்யாணத்துக்கு என் ஓட்டு ஜனதாவுக்கு. இப்போதே சர்வீஸுக்குக் கொடுத்து, திரும்பி வந்ததும் இரண்டு வாரம் கட்டிப் பார்த்துவிடுங்கள். காலையில் கையிலிருந்து கழற்றி வைத்துக் கீ கொடுங்கள். கட்டிக்கொண்டே கொடுத்தால் கீயின் தண்டு வளையும். விரலுக்கு எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்துங்கள். வியர்வைதான் இதற்கு எமன். ஆகவே தோல் ஸ்ட்ராப்பாக இருந்தால் இரவில் கழற்றி, துடைத்து, காற்றாட வையுங்கள். பூட்டிய டப்பாவுக்குள் உடனே போட வேண்டாம். கை கழுவும்போது கழற்றிச் சட்டைப் பையில் போடலாம், ஆனால் மொபைல் இருக்கிற பையில் வேண்டாம். காந்தம் ஏறினால் தாறுமாறாக முந்தும். ஸ்ட்ராப் அளவு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். பன்னீர் தெளிக்கிற இடத்தில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.