முதலில் வெளியே வந்தது கல்

கேள்வி: அம்மா, எனக்கு எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். மகளின் பிறந்தநாளுக்கு என் தம்பி கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். போன வாரம் தூங்கப்போகும் நேரத்தில் அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். க்ரோனஸ் என்ற தேவர்களின் அரசன் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கும் இடம் வந்தபோது மணி ஒன்பதரை. “மீதி நாளைக்கு” என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். நடுராத்திரி சின்னவன் எழுந்து வந்து, “அப்பா என்னை முழுங்கிடுவாராம்மா?” என்று கேட்டான். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறான். “நம்ம ராமாயணம், பாரதம் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?” என்று மாமியார் கேட்கிறார். பெரியவளோ புத்தகத்தை எடு எடு என்று நச்சரிக்கிறாள். இந்தக் கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவைதானா? ஏற்றவை என்றால் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்பு மகளே, புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதே. சின்னவனைப் பயமுறுத்தியது அந்தக் கதை இல்லை. விளக்கு அணைந்த இடம்தான். ஐந்து குழந்தைகள் ஒரு தகப்பன் வயிற்றுக்குள் இருட்டில் கிடக்கிறார்கள். அதே நேரத்தில் அவன் அறையும் இருட்டாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை அந்த ஐந்து பேரோடு ஒரு வாரமாக உள்ளே இருக்கிறான். அவர்களை வெளியே கொண்டுவருவதுதான் உன் முதல் வேலை.

அதை இன்றைக்கே செய். நீ சொல்லாதே, உன் வீட்டுக்காரர் சொல்லட்டும். தன்னைத் தன் பிள்ளையே கவிழ்த்துவிடும் என்ற பயத்தில்தான் க்ரோனஸ் பிறந்த பிள்ளைகளை எல்லாம் விழுங்கினான். பின்னாளில் தேவர்களின் அரசனான ஜீயஸ் ஆறாவது பிள்ளையாகப் பிறந்ததும் தாய் ரியா ஒரு காரியம் செய்தாள். பெரிய கல் ஒன்றை எடுத்துக் குழந்தைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் ‘லபக்’ என்று விழுங்கிவிட்டான். குழந்தை கிரீட் தீவில் ஒளிந்து வளர்ந்தது. வளர்ந்து வந்ததும் க்ரோனஸை வாந்தி எடுக்க வைத்தார்கள். கடைசியாக உள்ளே போனதுதானே முதலில் வெளியே வரும்? முதலில் வந்தது கல்! அப்புறம் ஒவ்வொருவராக ஐந்து பேரும், ஒரு கீறல் இல்லாமல், முழுசாக.

அந்தக் கல்லை ஜீயஸ் டெல்பி என்ற கிரேக்கப் புண்ணியத் தலத்தில் நட்டுவைத்ததாகக் கவி ஹெசியட் பாடுகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பௌசனியஸ் என்ற பயணி டெல்பியில் அந்தக் கல் என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய கல் இல்லை, தினமும் அதன்மேல் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கோயிலில் கல்லுக்கு எண்ணெய்க் காப்பு பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். என் பேரனுக்கு ஜீயஸைவிட அந்தக் கல்லின் மேல்தான் பாசம் அதிகம். “பாவம், கல்லுக்கு வலிச்சிருக்கும்” என்பான்.

உன் கவலை புதிதும் இல்லை. கிரேக்க நாட்டிலேயே, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், தத்துவ ஞானி பிளேட்டோ இதே க்ரோனஸ் கதையைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, இது உண்மையாகவே இருந்தாலும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று ‘குடியரசு’ நூலில் எழுதினார். எது உள்ளர்த்தம், எது நேர் அர்த்தம் என்று குழந்தைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அந்த வயதில் மனதில் பதிவது பிறகு எளிதில் அழியாது என்பது அவர் வாதம். உன் மகன் ராத்திரி எழுந்து வந்து கேட்ட கேள்வி அதற்குச் சரியான சாட்சி. ஆனால் கதையையே தடுத்துவிட வேண்டும் என்று அவர் போகும் இடத்துக்கு நான் போக மாட்டேன்.

ஏன் என்றால் கம்சன் கதையை நினைத்துப் பார். தங்கை பெற்ற பச்சைக் குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றவன். க்ரோனஸைவிடக் கொடியவன். அதைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் அலறுவதில்லையே! கிருஷ்ணன் வரப்போகிறான் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை அவன் பாதத்தை மாவில் பதித்தவர்கள் அவர்கள். காப்பாற்றுகிறவனை முதலில் அறிமுகம் செய்துவிட்டு, கொடியவனை அப்புறம் கூட்டிவருகிறோம். ஜீயஸுக்கும் அதையே செய். ‘ஒரு குகையில் ஒரு குழந்தை ஒளிந்திருந்தது’ என்று தொடங்கினால், விழுங்குகிற இடம் வரும்போது சின்னவன் உன்னைவிட முந்திக்கொண்டு, “கல்லு கொடுப்பாங்க பாரு!” என்பான்.

மாமியாரோடு இதற்காக வாதாட வேண்டாம். ஒருநாள் அவர் கதை, ஒருநாள் உன் கதை என்று வைத்துக்கொள். ஒடிசி காவியத்தின் நாயகன் ஒடிசியஸ் வேறு யாராலும் நாணேற்ற முடியாத வில்லை வளைக்கும் இடத்தில் பெரியவள், “இது ராமர் மாதிரியே இருக்கே பாட்டி!” என்று ஓடிப்போய்ச் சொல்வாள். மிச்சத்தைப் பாட்டியே வந்து உட்கார்ந்து கேட்பார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து. ஆற்றில் கோடரியைத் தவறவிட்ட மரவெட்டிக்குத் தேவதை தங்கக் கோடரி எடுத்துக் காட்டிய கதை உன் பிள்ளைகளுக்குத் தெரியும். அது ஈசாப்பின் கிரேக்கக் கதை. அதில் தண்ணீருக்குள் முங்கி எடுப்பது ஹெர்மீஸ் என்ற தேவன். நரி எட்டிப் பார்த்துவிட்டுச் ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று போனதும் ஈசாப்பின் திராட்சைப் பந்தலில்தான். ‘ராஜா காது கழுதைக் காது’ என்று நாம் சொல்கிற கதை கிரேக்கத்தில் மைடாஸ் அரசனின் கதை. முடி வெட்டுகிறவன் ரகசியத்தை அடக்க முடியாமல் குழி தோண்டி அதற்குள் சொல்லி மூடிவிட்டுப் போக, அங்கே முளைத்த நாணல் காற்றில் அதையே முணுமுணுக்கும். இந்த மூன்றையும் முதல் வாரத்தில் சொல். விளக்கை அணைத்த பிறகு நாணல் போலக் குசுகுசுவென்று சொல்லிப் பார், எத்தனை தடவை திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள் என்று!

மைடாஸ் தொட்டதெல்லாம் பொன்னான கதையையும் சொல்லலாம். மகளைத் தொட்டதும் அவள் பொற்சிலையாகிவிட்டாள் என்று புத்தகத்தில் இருந்தால், சின்னவனுக்கு அதை விட்டுவிடு. அது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தார்ன் சேர்த்தது. பழைய கதையில் தட்டில் இருந்த சாப்பாடும் கிண்ணத்து மதுவும்தான் பொன்னாயின. பசிதான் அந்த ராஜாவுக்குப் புத்தி சொன்னது.

அதற்குப் பிறகு கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி. தூங்கும் நேரத்துக்கு இதைப் போல ஒரு கதை எனக்குத் தெரிந்து இல்லை. எத்தனை அரக்கர், எத்தனை புயல் வந்தாலும் அது வீடு திரும்புகிற கதை. பத்து வருஷம் ட்ராய் நகரத்துப் போரில், பத்து வருஷம் கடலில் அலைந்த ஒருவன் இத்தாகா என்ற தன் தீவுக்குத் திரும்புகிறான். கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் மீசை முளைத்து நிற்கிறான். ஹோமரின் வரிசையில் சொல்ல வேண்டியதில்லை. காற்று மூட்டையில் தொடங்கு. காற்றுகளுக்குக் காவலனான ஏயோலஸ் புயல்களை எல்லாம் மாட்டுத்தோல் பையில் அடைத்து வெள்ளிக் கயிற்றால் கட்டிக் கொடுக்கிறான். ஒன்பது நாள் தூங்காமல் கப்பலைச் செலுத்துகிறான் ஒடிசியஸ். பத்தாம் நாள் சொந்த ஊரில் நெருப்பு மூட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அப்போது பார்த்துத் தூங்கிவிடுகிறான். உள்ளே தங்கம் இருக்கும் என்று ஆட்கள் பையை அவிழ்க்க, உஸ்ஸ்ஸ்!

ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் கதைக்கு நம் தமிழ் அப்படியே வளைந்துகொடுக்கிறது. ஒடிசியஸ் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று அவனிடம் சொல்லிவைக்கிறான். கண் போனதும் அரக்கன் குகைக்குள்ளிருந்து கத்துகிறான். அக்கம்பக்கத்து அரக்கர்கள் வெளியே நின்று, “உன்னைக் கொல்ல வந்தது யாருடா?” என்கிறார்கள். “யாருமில்லை! யாருமில்லை!” என்று இவன் அலற, அவர்கள் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அரக்கன் ஆறு பேரைத் தின்றதை மறைக்காதே. மறைத்தால் எதற்காகக் கண்ணைக் குத்தினார்கள் என்றே புரியாது. ‘தின்றான்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிடு. ஆட்டுக்கிடாக்களின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டு தப்பிக்கும் இடத்தில் நிதானமாக நில். போர்வையை ஆட்டுக்கம்பளியாக்கிக் கொடுத்தால் இருவரும் அதன் கீழே தொங்கிக்கொள்வார்கள். எல்லோரும் கப்பல் ஏறும்வரை விளக்கில் கை வைக்காதே.

நாய் ஆர்கஸின் கதையை என் பேத்திக்குச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. குட்டியாக வளர்த்துவிட்டுப் போன எஜமான் இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வருகிறான். ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குப்பை மேட்டில் எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் கிடந்த கிழட்டு நாய் மட்டும் காதைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறது. கிட்டே போய்த் தடவினால் வேஷம் கலைந்துவிடும். யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் அந்த நிம்மதியிலேயே கண்ணை மூடிவிடுகிறது. பேத்தி அழுதாள். அழட்டும் என்று விட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுவார்கள். ஒடிசியிலேயே அப்படி ஒரு காட்சி உண்டு. ராத்திரி விருந்தில் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்த ஒடிசியஸ் நடுவில் நிறுத்தி, தூங்க நேரமாயிற்று என்கிறான். இரவு நீளமானது, இன்னும் தூங்க நேரமாகவில்லை, மேலே சொல் என்கிறான் அரசன் அல்கினூஸ். அரசனே அப்படிக் கேட்டால் பிள்ளைகள் எந்த மூலைக்கு! ஆனால் உனக்குக் காலையில் பள்ளி வேன் வரும். நாளைக்கு என்ன வரும் என்ற ஆவலில் நிறுத்தலாம், யாராவது மாட்டிக்கொண்டு கிடக்கும்போது நிறுத்தாதே.

சிலவற்றைப் பகலுக்கு வைத்துக்கொள். பூமிக்கு அடியில் கொண்டுபோகப்பட்ட பெர்செபனியின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுளை உரித்துக்கொண்டே சொல். அவள் அங்கே தின்ற மாதுளை விதையால்தான் வருஷத்தில் ஒரு பங்கு அங்கே இருக்க வேண்டியதாயிற்று. மெழுகுச் சிறகு கட்டிப் பறந்து கடலில் விழுந்த இக்காரஸும் பகலுக்குத்தான். மகன் விழுந்து இறந்த துக்கத்தோடு எந்தப் பிள்ளையையும் இருட்டில் விடாதே. பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியா, தகப்பனைக் கொன்ற ஈடிபஸ், பிள்ளைகளைக் கொன்ற ஹெராக்ளிஸ் இதெல்லாம் இன்னும் பல வருஷம் போகட்டும்.

கடைசியாக, உன் மகனுக்காகவே ஒன்று சொல்கிறேன். ஹோமரின் இன்னொரு காவியமான இலியட் முழுக்க ட்ராய் போர். அதன் நடுவில் ட்ராய் வீரன் ஹெக்டர் கோட்டை வாயிலில் மனைவியையும் கைக்குழந்தையையும் பார்க்கிறான். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டுகிறான். வெண்கலத் தலைக்கவசமும் அதன் உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சமும் பார்த்து மிரண்ட குழந்தை, வீலென்று அழுது தாதியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றிக் கீழே வைக்கிறான். பிறகு பிள்ளையை வாங்கி முத்தமிட்டு, கைகளில் போட்டு ஆட்டுகிறான். அதற்கு மேல் இப்போது சொல்ல வேண்டாம், அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பது பெரியவனான பிறகு தெரிந்தால் போதும்.

உன் வீட்டுக்காரர் சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு வருபவராக இருந்தால், வாசலில் சின்னவன் முன்னால் குனிந்து உட்கார்ந்து கழற்றட்டும். அவன் கையிலேயே கொடுக்கட்டும். சாப்பாடு முடிந்து படுத்த பிறகு அந்தக் கல் கதையை அவர் தொடங்கட்டும். அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுது.