சப்ளையருக்கு வரும் இ.எஸ்.ஜி. படிவம்: கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆலைக்காரர்களின் கேள்விகள்

பெரிய நுகர்பொருள் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு ஆலைகளுக்கு இப்போது கரண்ட், தண்ணீர், கழிவு, கூலி எல்லாம் கேட்டு இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) படிவம் வருகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்:

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை: சார், நாங்க பங்குச்சந்தையிலயே இல்ல. எங்களுக்கு எதுக்கு இது? இ.எஸ்.ஜி. சர்டிபிகேட் கட்டாயம்னு ஒருத்தர் பணம் கேக்கிறார்.

பணம் கொடுக்காதீர்கள். செபி (பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) சப்ளையருக்கு அப்படி எந்தச் சர்டிபிகேட்டும் தருவதில்லை. 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (கம்பெனியின் இ.எஸ்.ஜி. விவரங்களைச் சொல்லும் ஆண்டறிக்கை) கட்டாயமானது, சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியல் கம்பெனிகளுக்கு. கம்பெனியின் கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக 2 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் சப்ளையர், வாங்குபவர் போன்ற கூட்டாளிகளின் கணக்கையும் சேர்க்கும் முறை முதல் 250 கம்பெனிகளுக்கு 2025-26இல் விருப்பத்தின் பேரில்தான் தொடங்கியது. ஆகவே படிவம் உங்கள் மேல் நேரடிச் சட்டம் அல்ல, வாங்குபவரின் நிபந்தனை. ஆனால் கையெழுத்துப் போட்ட எண்ணுக்குப் பில் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

பர்கூர்: கார்பன் கணக்கு எப்படிப் போடறதுங்க?

கரண்ட் பில்லில் உள்ள யூனிட்டை 0.727ஆல் பெருக்குங்கள் (மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 சராசரி). கிலோ கணக்கில் கார்பன் டை ஆக்சைடு வரும். 50,000 யூனிட் என்றால் 36,350 கிலோ. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, 2,000 லிட்டருக்கு 5,360 கிலோ. பாய்லரில் விறகு எரித்தால் அதன் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்டுங்கள், இதோடு கூட்டாதீர்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது மீட்டரில். உயர் அழுத்த இணைப்பில் ரீடிங் வித்தியாசத்தைப் பெருக்கல் காரணியால் (அந்த மீட்டருக்குரிய மல்டிப்ளையிங் ஃபேக்டர்) பெருக்காமல் எழுதிவிடுவார்கள், கணக்கு பல மடங்கு குறைந்துவிடும். கே.வி.ஏ. டிமாண்டை (ஆலை இழுக்கும் உச்சச் சுமை) யூனிட் என்று எடுப்பவர்களும் உண்டு. டீசலில் வாங்கியதை எழுதக்கூடாது, எரிந்ததை எழுதணும்: தொடக்க இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு மூன்றும் வேண்டும். மாம்பழ சீசன் மூன்று நான்கு மாதம்தான், குளிர்பதனக் கிடங்கு ஆண்டு முழுக்க ஓடும். அதனால் ஒரு டன் கூழுக்கான கணக்கை ஆண்டு மொத்தத்தை வைத்தே போடுங்கள்.

தண்ணீருக்கு மோட்டார் ஓடிய நேரத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். மே மாதம் போர்வெல்லில் மட்டம் இறங்கினால் அதே ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வரும்; உங்கள் கணக்கு மட்டும் ஏறி நிற்கும். போர்வெல் வாயிலேயே ஃப்ளோ மீட்டர் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ரீடிங் எழுதுங்கள். மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

காரிமங்கலம், புளி, சாமை பாக்கெட்: ஈ.பி.ஆர்., அதான் பிளாஸ்டிக் உறைக் கழிவுக்குக் கம்பெனியே பொறுப்பேற்கிறது, எங்களுக்கு வருமா அண்ணா? பாக்கெட்ல 'இயற்கைக்கு உகந்தது'ன்னு போடலாமா?

உதயம் பதிவில் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்கும் பிராண்டு உரிமையாளருக்கு ஈ.பி.ஆர். இலக்கு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவன வரம்பு முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி. ஏற்றுமதி விற்றுமுதலில் சேராது. வரம்பைத் தாண்டியவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிவு செய்யணும். உறைகளை வகை பிரித்து எடை போடுங்கள்: கெட்டிப் பிளாஸ்டிக் முதல் வகை; முழுக்க பிளாஸ்டிக்கான மெல்லிய உறை இரண்டாம் வகை; அலுமினியத் தாள் போல வேறு பொருள் அடுக்கு இருந்தால் மூன்றாம் வகை. பார்த்துச் சொல்ல முடியாது, சப்ளையரிடம் அடுக்கு விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். 20 காலி உறையை மொத்தமாக நிறுத்துச் சராசரி எடுங்கள்.

அந்த வாசகத்தைப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் வந்த பசுமைப்பூச்சுத் தடுப்பு (பொய்யான சுற்றுச்சூழல் விளம்பரத்தைத் தடுக்கும்) வழிகாட்டுதல்படி, பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, ஆதாரமும் விளக்கமும் வேண்டும். உள்ளே அலுமினிய உறை, வெளியே பச்சை இலைப் படம் என்றால் வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான் அது.

ஓசூர்: சீசன் ஆட்களை கான்ட்ராக்டர் கொண்டுவர்றார். அவங்க கணக்கும் நாமதானா?

ஆமாம். அவர் கூலியையோ பி.எஃப். பணத்தையோ கட்டாமல் விட்டால் பொறுப்பு உங்கள் மேல் வரும். கூலிப் பதிவேடு, இரட்டைக் கூலியில் ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீது இவற்றைப் பார்த்துவிட்டே அவர் பில்லை பாஸ் பண்ணுங்கள். பத்துப் பேர் வேலை செய்தாலே 2013 சட்டப்படி பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். மாங்கொட்டை எடுக்கும் பெண்களுக்கு அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். கேட் பக்கத்தில் பெயர்களை ஒட்டுங்கள்.

பாலக்கோடு: இவ்வளவு கேக்கறவங்க பணத்தை 120 நாள் இழுக்கறாங்களே?

அதுவும் அவர்கள் அறிக்கையில் வரவேண்டிய விஷயம்தான்: பணம் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது என்பது பி.ஆர்.எஸ்.ஆர். கோரில் (அந்த அறிக்கையின் முக்கியப் பகுதி) ஒரு கேள்வி. குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. பில்லில் உதயம் எண்ணை அச்சடியுங்கள், சரக்கு இறங்கிய தேதிக்குச் சீல் வாங்குங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.