நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்காக எங்கள் ஊரில் பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்தும் சங்கத்தில் 12 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். குழுவில் ஏழு பேர், அனைவரும் தன்னார்வலர்கள். கூட்டத்துக்கு மூவர் வந்தாலே அதிகம். நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி கேட்டு எழுதினால் பதில் வருவதில்லை. சம்பளம் சில நாட்கள் தாமதமானால் ஊழியர்கள் தன்னார்வலர்களாகிய எங்களிடம் கடிந்து பேசுகிறார்கள். இதற்கிடையில், நோயிலிருந்து மீண்ட ஒருவரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் சமூகப் பணியாளர் சொல்கிறார். காசோலை, கையெழுத்து என்று சிக்கல் வரும் எனத் தலைவர் தயங்குகிறார். எனக்கு 68 வயது. விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். தன்னார்வலர்களை மட்டும் நம்பி ஓர் அமைப்பை நடத்த முடியுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் இல்லாமல் மாதந்தோறும் கணக்கைச் சரிபார்த்து, ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கையோடு பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்கும் ஒருவர் இல்லையென்றால் இத்தகைய மையம் ஓராண்டுகூடத் தாங்காது. 12 ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு என் வணக்கம்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு உங்கள் துணைவிதியிலேயே வழி இருக்கும்; அதன்படி செய்யுங்கள். நிதியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஊழியர்களின் கோபம் நியாயமானது. நீங்கள் ஊதியம் வாங்காதவர் என்பதற்காக, ஊதியத்தை நம்பி வாடகை கட்டுகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவு சிறிய கடிதத்தில் ‘தன்னார்வலர்’ என்ற சொல்லை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குழுவுக்கு ஒரு கேடயமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

நான் பேச விரும்புவது உங்கள் சமூகப் பணியாளர் சொன்னதைப் பற்றி. உங்கள் துணைவிதிகளை எடுத்து, உறுப்பினர் தகுதி எப்போதெல்லாம் நீங்கும் என்ற பகுதியைப் படியுங்கள். இறந்தால், விலகினால், குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டால் என்ற வரிசையில் ‘சித்த சுவாதீனம் இழந்தால்’ என்றும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஏதோ ஒரு மாதிரிப் படிவத்திலிருந்து பல சங்கங்களும் எடுத்துக்கொள்ளும் வரி அது. மனநோயாளிகளுக்காகவே தொடங்கப்பட்ட சங்கத்திலும் அதை நான் கண்டிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி, மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதக் கூடாது என்று 3ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அதே சட்டத்தின்படி, மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்கள் சார்பில் இருவரும், பராமரிப்பவர்கள் சார்பில் இருவரும் இருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் தலைவர் சுகாதாரத் துறைச் செயலாளர். அவருடன் ஒரே மேசையில் அமரக்கூடியவர் உங்கள் வாடகைக் கட்டடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் அமரக் கூடாதா? காசோலையில் கையெழுத்திடுகிறவர்கள் தீர்மானத்தால் அதிகாரம் பெற்ற இரண்டு மூன்று பேர்தான். மற்ற உறுப்பினர்களுக்கு அந்த வேலையே இல்லை. வங்கியில் இருந்த உங்களுக்கே இதை நான் சொல்ல நேர்வது வருத்தமாக இருக்கிறது.

என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. அதை அறிந்த நண்பர் ஒருவர் ஒரு சிறு நகரத்தில் இதைப் போன்ற மையத்தின் குழுவில் என்னைச் சேர்த்தார். நான்கு ஆண்டுகள் இருந்தேன். மையத்துக்கு வருகிறவர்களில் நாற்பது வயது கடந்த ஒருவர் கூட்ட நாட்களில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவார். மருந்தினால் அவருடைய விரல்கள் நடுங்கும் என்பதால் தம்ளர்களை முக்கால் அளவுக்குத்தான் நிரப்புவார். சர்க்கரை கூடாதவரின் தம்ளருக்கு அடியில் மட்டும் ஒரு தாள்துண்டை மடித்து வைத்திருப்பார். ஒருநாள், மாதம் 4,000 ரூபாய் வாடகை மிச்சமாகும் என்பதற்காக, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் இருந்த மையத்தைப் புறவழிச்சாலைப் பக்கம் மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தட்டைப் பிடித்தபடி நின்றவர், “அங்க பதினோரு மணிக்குத்தான் சார் முதல் பஸ்ஸே” என்றார். தலைவர் அன்பாகத்தான், “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ப்பா” என்றார். தேநீர் கொண்டுவந்தவர் வெளியே போனார். நாங்கள் கை உயர்த்தித் தீர்மானத்தை நிறைவேற்றினோம். நானும் உயர்த்தினேன்.

வருகைப் பதிவேட்டில் 22 பேர் இருந்த மையத்துக்கு மூன்று மாதங்களில் 9 பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். வராமல் போனவர்களில் இருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பேருந்தில் வந்து போகிறவர் அவர் ஒருவர்தான். எங்கள் எல்லோரிடமும் வண்டி இருந்தது. அவரும் எங்களைப் போலவே ஒரு ரூபாய்கூட வாங்காமல்தான் வேலை செய்தார். ஆனால் அவரைத் தன்னார்வலர் என்று நாங்கள் ஒருநாளும் அழைத்ததில்லை.

நோயிலிருந்து மீண்டவரைக் குழுவில் சேர்ப்பது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் கிளிஃபர்ட் பியர்ஸ் என்பவர் மனநோய்க்காக மூன்று மருத்துவமனைகளில் இருந்து, அங்கே பட்ட அடிகளையும் அவமானங்களையும் வெளியே வந்து நூலாக எழுதினார். 1908இல் கனெக்டிகட் மாநிலத்திலும் அடுத்த ஆண்டு தேசிய அளவிலும் மனநல அமைப்புகளைத் தொடங்கியவர் அவர். புகழ்பெற்ற மருத்துவர்களும் பேராசிரியர்களும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள்.

ஆகவே ஒருவரை அல்ல, இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக அமர்பவர் பேசமாட்டார். நோயாளியின் தாயோ சகோதரரோ ஒருவரும் இருக்கட்டும். ஆண்டு விழா மேடையில் ஏற்றி அவர்களுடைய கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள். கூட்டப் பொருள்நிரலை ஒரு வாரம் முன்பே கொடுங்கள், பேருந்துக் கட்டணத்தைக் கொடுங்கள். உடல்நிலை சரியில்லாமல் இரண்டு மாதம் வர முடியாவிட்டால், பேரனைப் பார்க்க அமெரிக்கா சென்ற உறுப்பினருக்காக இடத்தை வைத்திருப்பதைப் போலவே அவர்களுக்காகவும் வைத்திருங்கள்.

விலகுவது உங்கள் உரிமை. 68 வயதில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் பொதுக்குழுவைக் கூட்டி, துணைவிதியில் அந்த ஒரு வரியை நீக்கும் சிறப்புத் தீர்மானத்தை நீங்களே கொண்டுவாருங்கள். அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் முறையைப் புதிதாக வரும் செயலாளர் கற்றுக்கொள்ள நாளாகும். உங்களுக்கு அது கைவந்த வேலை.