தாங்கும் தூரம்: நாய் வளர்ப்போர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. வீட்டுக்குள் அத்தனை சாது. வெளியே கூட்டிப்போகும்போது எதிரே இன்னொரு நாய் வந்துவிட்டால் போதும், பின்னங்காலில் எழும்பி, கயிறே அறுந்துவிடும்போல் இழுத்துக் குரைக்கிறது. ‘உட்கார்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் விழுவதில்லை. அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ‘உட்கார்’ அதற்கு மறந்துபோகவில்லை. இன்னொரு நாயை அது தாங்கக்கூடிய தூரம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனபிறகு நீங்கள் சொல்கிறீர்கள்; அப்போது எதையும் கேட்டு நடக்கும் நிலையில் அது இல்லை. ஆகவே முதல் வேலை அந்தத் தூரத்தை அளப்பது.

நாலாபுறமும் கண்ணுக்குத் தெரிகிற திறந்த இடமாகப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவரை அமைதியான நாயோடு 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உங்கள் நாய் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கொடுத்ததை வழக்கம்போல் தின்று, தரையையும் முகர்ந்தால் அந்தத் தூரம் சரி. மெல்ல நெருங்குங்கள். வாயை இறுக மூடுவது, உடம்பு விறைப்பது, கண் இமைக்காமல் வெறிப்பது, தின்பண்டத்தை மறுப்பது அல்லது விரலோடு சேர்த்துப் பறிப்பது – ஏதாவது ஒன்று தெரிந்தாலும் நின்றுவிடுங்கள். (விரலோடு பறிப்பதைப் பலர் பசி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.) 30 மீட்டரில் விறைத்தது என்றால் பயிற்சி 40 மீட்டரில் தொடங்கட்டும்.

பயிற்சி எளிது. உங்கள் நாய் அந்த நாயைப் பார்க்கிறதா? ஒரு விநாடிக்குள் வாயில் ஒரு துண்டு. எதிர் நாய் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அது மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பார்வைக்கு வருவதும் மறைவதுமாகப் பத்து முறை போதும். ஐந்து நிமிடத்தில் முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். துண்டு, பட்டாணியில் பாதி அளவு. வெந்த கோழிக்கறிபோல வேறெப்போதும் கிடைக்காத பண்டமாக இருக்க வேண்டும். தினமும் தின்னும் உலர்தீனிக்காக எந்த நாயும் பயத்தை விட்டுவிடாது. துண்டாகக் கொடுத்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது எதிர் நாயைப் பார்த்த கையோடு, ‘எங்கே என் துண்டு?’ என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். நீங்கள் காத்திருந்தது இதற்குத்தான். இது வந்தபிறகே தூரத்தில் 2 அல்லது 3 மீட்டர் குறைக்கலாம். தூரத்தைக் குறைக்கிற நாளில் எதிர் நாய் அசையாமல் நிற்கட்டும்; அதை நடக்கவிடும் நாளில் தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

கழுத்துப்பட்டைக்குப் பதில், மார்பில் ஒய் வடிவில் அமரும் ஹார்னஸ் போடுங்கள். கயிறு 2 மீட்டர், சாதாரணக் கயிறு. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது எந்நேரமும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் பாயும் நொடியில் பூட்டவும் முடியாது. எதிரே நாயைக் கண்டதும் உங்கள் கை தானாகக் கயிற்றை இறுக்கும். கழுத்தில் இறுக்கம் வந்தால் ஏதோ ஆபத்து என்பதை நாய் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

தெரு முனையில் திடீரென்று நேருக்கு நேர் வந்துவிட்டால்? அதற்கு ‘வா, போலாம்’ என்றதும் உங்களோடு அப்படியே திரும்பி நடக்கப் பழக்கிவையுங்கள். வீட்டுக்குள்ளேயே தினம் பத்துத் தடவை, ஒரு வாரம். துண்டை உங்கள் முழங்கால் அருகே கொடுங்கள். ஏற்கெனவே குரைக்க ஆரம்பித்துவிட்டதென்றால் திட்டவும் வேண்டாம், பாடம் நடத்தவும் வேண்டாம். அங்கிருந்து விலகிப்போவது மட்டும்தான் வேலை. அன்றும் மறுநாளும் ஆளில்லா வழியில் முகர்ந்து முகர்ந்து நடக்க விடுங்கள். ஒரு பதற்றம் அடங்கும்முன் அடுத்தது வந்தால், மூன்றாவது அற்பக் காரணமாக இருந்தாலும் வெடித்துவிடும்.

கேள்வி: குரைக்கிற நாய்க்குக் கறி கொடுத்தால், குரைத்தால் கறி கிடைக்கும் என்றுதானே கற்றுக்கொள்ளும்?

பதில்: அது குரைப்பது பெரும்பாலும் பயத்தில். பயம் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சோதித்த நாய்களுக்கு உணவுக்கான அடையாளம் கேட்டதும் எச்சில் ஊறியது; யாரும் ஊறச் சொல்லவில்லை. அதேபோல, எதிர் நாய் கறிக்கான அடையாளமாக மாற வேண்டும். அதனால் வரிசைதான் முக்கியம்: முதலில் நாய், பிறகு கறி.

வரிசை தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. தூரத்தில் வரும் நாயை முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, பதறிப்போய்ப் பையில் கை விடுகிறீர்கள். பத்து நாள் இப்படி நடந்தால், பை சரசரக்கும் சத்தமே ‘எதிரி வருகிறான்’ என்ற செய்தியாகிவிடும். கறியைக் கண்டதும் நாய் சுற்றுமுற்றும் தேடும். பையில் கை போவது, உங்கள் நாய் பார்த்தபிறகு மட்டும்.

உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. குரைத்து முடித்துத் திரும்பியபிறகே எப்போதும் கொடுத்துக்கொண்டிருந்தால், ‘ஒரு குரைப்பு, ஒரு திரும்பல், ஒரு துண்டு’ என்று வரிசையாகக் கற்றுக்கொள்ளும் கெட்டிக்கார நாய்களும் உண்டு. குரைக்காத தூரத்தில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: விருந்தாளி வந்தால் எங்கள் நாய் உறுமுகிறது. உறுமும்போதே இரண்டு அடி போடு என்கிறார் மாமனார். செய்யலாமா?

பதில்: அடித்தால் உறுமல் நின்றுவிடும். பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கலாம். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்பார்கள். உறுமலுக்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும்: தூக்கம் வராதபோதும் கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது. உறைந்து நின்றால் உடனே இடைவெளி கொடுங்கள்.

அழைப்புமணி அடிக்கும்முன் நாய் வேறு அறையில், கடித்துக் குதற ஏதாவது ஒன்றோடு இருக்கட்டும். விருந்தாளி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனபிறகு கயிற்றோடு கூட்டிவந்து, தள்ளி உட்காருங்கள். விருந்தாளி அதைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது. அவர் கையால் ஊட்டச் சொல்வது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. கறியின் ஆசையில் நாய் கிட்டே வந்துவிடும். தின்று முடித்து நிமிர்ந்தால் எதிரே அந்நிய முகம். கடி விழுவது அப்போதுதான். அவர் துண்டை நாய்க்குப் பின்னால் வீசட்டும். நாய் விலகிப்போய்த் தின்று, தானாகத் திரும்பி வரும், வராவிட்டாலும் குற்றமில்லை.

குழந்தையைப் பார்த்து உறுமினால், நடுவில் கதவோ தடுப்போ இல்லாமல் இருவரையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். இதைச் சொந்தமாகச் சரிசெய்து பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மாமனாரைப் பொறுத்தவரை, துண்டு வீசும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழு வருடம் யாரையும் ஒன்றும் செய்யாத நாய், இரண்டு மாதமாகத் தொட்டாலே சீறுகிறது.

பதில்: பயிற்சியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். மூட்டு, இடுப்பு, பல், காது, கண் எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நடுவயதில் திடீரென்று மாறும் குணத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது வலியை. படி ஏறத் தயங்குவதையும் எழும்போது கால் நொண்டுவதையும் வீட்டிலேயே கைப்பேசியில் படம் எடுத்துப் போங்கள். மருத்துவர் மேஜைமேல் பயத்தில் நாய் வலியை மறைத்துவிடும்.

கேள்வி: இடி இடித்தால் கட்டிலுக்கடியில் நடுங்குகிறது. தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்கிறார்கள்.

பதில்: ஆகாது. அருகில் வந்தால் தடவிக்கொடுங்கள், ஒளிந்தால் இழுக்காதீர்கள். அந்த மூலையிலேயே போர்வை விரித்து, ஜன்னலை மூடி, மின்விசிறியை ஓடவிடுங்கள். இடி இல்லாத காலத்தில், பதிவுசெய்த ஒலியைக் காதை மட்டும் அசைக்கும் அளவுக்குத் தாழ்த்தி வைத்து, ஒவ்வோர் ஒலிக்குப் பின்னும் ஒரு துண்டு கொடுத்துப் பழக்கலாம். நிஜ இடியோடு மின்னலும் அதிர்வும் சேர்ந்தே வருவதால் இது சில நாய்களுக்குப் பாதிதான் உதவும். எச்சில் ஒழுகி, கதவைப் பிறாண்டும் அளவுக்குப் போனால் மருந்து தேவைப்படலாம். மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. இடி நாளில் மட்டும் கொடுப்பவை உண்டு. தினமும் கொடுக்கும் ஃபுளூவாக்ஸெட்டின் போன்றவை பலன் காட்டச் சில வாரம் ஆகும். மனிதர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: மசில் என்கிற வாய்க்கூடை போட்டால் முகத்தைத் தரையில் தேய்த்துக் கழற்றுகிறது.

பதில்: போட்ட அன்றே பூட்டியிருப்பீர்கள். வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடையாக வாங்குங்கள். துணிப்பட்டை வகை வாயை மூடிவிடுவதால் நடைக்கு ஆகாது. முதல் மூன்று நாள் கூடையைக் கிண்ணம்போல் பிடித்து உள்ளே துண்டு போடுங்கள், மூக்கை அதுவே நுழைக்கட்டும். பிறகு மூக்கு உள்ளே இருக்கையில் கம்பி இடுக்கு வழியாக ஐந்து விநாடி, பத்து விநாடி என்று ஊட்டுங்கள். வார்ப்பூட்டு அதற்கப்புறம். முகத்தைத் தேய்த்தால் ஒரு படி பின்னால் போங்கள். பழகியபிறகு, வீட்டில் சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது போட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் கூடையைக் கையில் எடுத்தாலே ஆஸ்பத்திரி என்று ஓடும்.